பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உலக நடப்பைப் பழக்குவது எப்படி: பன்னிரண்டு வார வழிகாட்டி

மொரிஷியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மொழிப்பாடம் முடிந்ததும் பெரிய பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் உலக நடப்பு. ஏழு வருடமாக நடக்கிறது. புதிதாக இந்த வேலையைத் தொடங்கிய ஆசிரியர்கள் சிலரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே ஒரு பெரிய போர்ச் செய்தியைக் காட்டி, "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பதினாலு வயதுப் பிள்ளை அதற்கு அப்பா வீட்டில் சொன்னதைச் சொல்லும், இல்லையென்றால் டிக்டாக்கில் பார்த்ததைச் சொல்லும். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் அதிலிருந்து இறங்கி வர மனம் வராது. மிச்ச வாரமெல்லாம் அந்த வாயில் வந்த வார்த்தையைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் கருத்துக் கேட்பது பதினோராவது வாரத்தில்தான் வருகிறது. மற்றதை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

எட்டு முதல் பதினாலு பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசை பேசாது. வயது 13 முதல் 17 வரை கலந்தே இருக்கட்டும். சின்னவர்கள் கேட்கத் துணிகிற கேள்வியைப் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள்.

தைப்பூசக் காவடி முடிந்த பிறகு தொடங்குங்கள். அதற்கு முந்தைய பத்து நாளும் மண்டபமும் கிடைக்காது, விரதத்தில் இருக்கும் பிள்ளைகளும் கிடைக்க மாட்டார்கள். வருடக் கடைசியில் எஸ்.சி., எச்.எஸ்.சி. பள்ளி இறுதித் தேர்வுகள் இருப்பதால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நடுவில் பள்ளி விடுமுறை வந்தால் விட்டுவிட்டு அப்புறம் தொடருங்கள். சனிக்கிழமை காலை முழுக்க லெசோன் என்று டியூஷனுக்கு ஓடுகிறார்கள், ஆகவே பிற்பகல் இரண்டரை மணிதான் சரிப்படும்.

பொருள் என்று பார்த்தால் ஒரு பூமி உருண்டை, ஒரு கண்டு தடித்த நூல், ஆளுக்கொரு நூறு பக்க நோட்டு, தாளில் அச்செடுத்த செய்திகள். அச்செடுத்தே கொண்டு போங்கள். கைபேசியில் படிக்கச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் வேறு எங்கேயோ இருப்பார்கள். தாளில் அடிக்கோடு போடலாம், பக்கத்து ஆளோடு மாற்றிக்கொள்ளலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், தமிழை நம்மிடம் படிக்கிறார்கள். உலக நடப்பு படிக்க இதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. யோசிப்பது எந்த மொழியில் வந்தாலும் வரட்டும், நோட்டில் எழுதுவது மட்டும் தமிழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது வேகம் குறையும். இந்த வேலைக்கு அந்த நிதானம் தேவை.

பெற்றோரை முதல் வாரத்துக்கு முன்பே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். "அரசியல் சொல்லிக்கொடுக்கிறார்களாமே" என்ற பேச்சு ஐந்தாவது வாரத்தில் கிளம்பினால் வகுப்பு பாதியில் நின்றுவிடும். நோட்டை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லிவையுங்கள்.

2. முதல் நாள் சொல்ல வேண்டிய மூன்று விதிகள்

முதல் விதி: "மோ பா கோனே" என்பது முழு மதிப்பெண் பெறும் பதில். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கே பார்த்தால் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் தெரியாது என்று சொன்னால் தலைகுனிவு. அந்தப் பயம் இருக்கும்வரை பிள்ளை ஊகித்துத்தான் பேசும்.

இரண்டாவது: யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை. இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேறொரு வகுப்பில், காஸா செய்தி வந்த வாரம், ஆசிரியர் அங்கிருந்த ஒரே முஸ்லிம் மாணவியைப் பார்த்து, "உங்கள் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வரவும் இல்லை. எந்தப் பிள்ளையிடமும் அதன் மதத்தையோ சாதியையோ நிறத்தையோ முன்வைத்துக் கேள்வி கேட்காதீர்கள், மற்ற பிள்ளைகளையும் கேட்க விடாதீர்கள்.

மூன்றாவது: ஒரு நாட்டைப் பற்றிப் பேசும்போது அந்த நாட்டுப் பிள்ளை ஒன்று பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு பேச வேண்டும். இதைப் பலகையில் எழுதிப்போட்டு பன்னிரண்டு வாரமும் அழிக்காமல் விடுங்கள்.

3. வாரம் 1: உருண்டையும் நூலும்

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் நாம் ஓரத்தில் ஒரு புள்ளி. அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, உலகம் எங்கேயோ நடக்கிறது, நாம் வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைக்கும். உருண்டையைக் கையில் கொடுத்தால் அந்த எண்ணம் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் காணும்.

போர்ட் லூயிஸில் நூலின் ஒரு முனையை வைத்து ரியூனியன், சென்னை, டியாகோ கார்சியா, லண்டன் என்று வரிசையாக அளக்கச் சொல்லுங்கள். ரியூனியன் 220 கிலோமீட்டர். டியாகோ கார்சியா 2,100-க்கு மேல். சென்னை ஏறக்குறைய 4,500. லண்டன் 9,700 பக்கம். அளந்த பிறகு, எந்த ஊர்ச் செய்தி தினமும் வருகிறது, எந்த ஊர்ச் செய்தி வருவதே இல்லை என்று கேளுங்கள். பாரிஸில் ஒரு மந்திரி ராஜினாமா செய்தால் அன்று மாலையே தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கர் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். நூலைப் பிடித்த பிள்ளையே சொல்லும்.

அதே நாளில் கிரீன்லாந்தையும் ஆப்பிரிக்காவையும் சுவர்ப்படத்திலும் உருண்டையிலும் ஒப்பிட வையுங்கள். சுவர்ப்படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. நம் நாட்டின் நிலம் 2,040 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் சாகோஸையும் (சுதந்திரத்துக்கு முன் பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்துக்கொண்ட தீவுக்கூட்டம், டியாகோ கார்சியா அதில் பெரியது) சேர்த்தால் நமக்குரிய கடல் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று சொன்னால் உருண்டையை மறுபடி வாங்கிப் பார்ப்பார்கள்.

4. வாரம் 2: தட்டிலிருந்து தொடங்குங்கள்

முந்தைய வாரமே சொல்லி அனுப்புங்கள்: சமையலறையில் இருக்கும் ஐந்து பொருளின் உறையை, இல்லாவிட்டால் அதன் படத்தைக் கொண்டு வர வேண்டும். அரிசிப் பை, பால்பவுடர் டின், பூண்டு வந்த வலைப்பை, மத்தி டின், எதுவானாலும் சரி. எந்த நாடு என்று பார்த்து, உருண்டையில் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டச் சொல்லுங்கள்.

பிறகு அரிசியைக் கையில் எடுங்கள். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டில் விலை ஏறியதுதான் காரணம். ஆகஸ்ட் கடைசியில் சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு வந்தது: பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000, மொரிஷியஸுக்கு 14,000. இந்த மூன்று எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, "ஏன் இந்த மூன்று பேர்?" என்று கேளுங்கள். உறவு, பாதுகாப்பு, கடல்வழி, புலம்பெயர்ந்தவர்கள் என்று பதில்கள் வரும். அடுத்து, "விலக்குக் கிடைக்காத நாட்டில் அன்று ஒரு அம்மா கடைக்குப் போனால் என்ன விலை பார்த்திருப்பார்?" என்று கேளுங்கள். உலகப் பார்வை என்று நாம் சொல்வது முதல் முதலாகத் தலைகாட்டுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

வீட்டுப்பாடமாக ஒன்று கொடுங்கள்: தாத்தாவிடம் சர்க்கரை ஆலையைப் பற்றிக் கேட்டு வர வேண்டும். 2006-ல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம், நம் சர்க்கரைக்கும் கொடுத்துவந்த தன் உத்தரவாத விலையை 36 சதவீதம் குறைத்தது. அதற்கு முன்னால் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாவின் சர்க்கரை மானியத்தின் மேல் புகார் கொடுத்திருந்தன. இன்று நம் நாட்டில் மூன்று ஆலைகள்தான் அரைக்கின்றன. தாத்தாவின் வேலை போன கதைக்குப் பின்னால் பிரேசில் கரும்புக்காரரும் இருக்கிறார் என்று தெரிந்த வாரம், ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அப்போ அவங்க மேல கோபப்படணுமா?" பதில் சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், எட்டாவது வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்ப்பீர்கள்.

5. வாரம் 3: ஒரு கப்பல், எத்தனை நாடு

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் நம் தென்கிழக்குக் கரையில் புவாந்த் தெஸ்னி எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறக்குறைய ஆயிரம் டன் கடலில் கலந்தது. அப்போது ஏழு, எட்டு வயதாக இருந்த பிள்ளைகளுக்கும் மாஹேபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தடுப்பு கட்டியது நினைவிருக்கும். அந்த நினைவிலிருந்தே தொடங்குங்கள்.

நூலை மறுபடி எடுங்கள். கப்பலின் சொந்தக்காரர் ஜப்பான் நிறுவனம். கொடி பனாமாவுடையது. மாலுமித் தலைவர் இந்தியர். பயணம் சிங்கப்பூர் பக்கமிருந்து பிரேசிலுக்கு. உதவிக்கு வந்தவர்களில் முதலில் வந்தது ரியூனியனிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டைப் பிடித்து, நூலின் மறுமுனையை மாஹேபூராக நிற்கும் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். மண்டபத்தின் நடுவில் நூல் வலையாகிவிடும்.

"ஜப்பான் கப்பலுக்கு ஏன் பனாமா கொடி?" என்ற கேள்வி தானாக வரும், கொஞ்சம் காத்திருங்கள். வரி, கூலி, சட்டம் எல்லாம் எங்கே சுலபமோ அங்கே பதிவு செய்துகொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். புதிய ஆசிரியர் இங்கே செய்யும் பிழை, "சரி, குற்றவாளி யார்?" என்று கேட்டு முடிப்பது. அது வலையை மறுபடி ஒற்றை நூலாக்கிவிடுகிறது. "இந்த நூல்களில் எதை மாற்றினால் இது மறுபடி நடக்காது?" என்று கேளுங்கள்.

6. வாரம் 4 முதல் கடைசி வரை: ஒரே ஒரு கதையைத் தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வாரம் ஒரு புதுச் செய்தி என்று ஓடினால் பன்னிரண்டு அதிர்ச்சிதான் மிஞ்சும். ஒரே கதையை எட்டு ஒன்பது வாரம் விடாமல் பார்த்தால்தான், நேற்று உறுதியாகச் சொன்னது இன்று மாறுவதையும், பெரிய தலைப்பு ஒன்றுமில்லாமல் போவதையும், யாரும் கவனிக்காத ஒரு வரி பிறகு பெரிதாவதையும் பிள்ளை கண்ணால் பார்க்கும்.

கதையை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் மூன்று நிபந்தனை: நம் வாழ்க்கையைத் தொட வேண்டும், குறைந்தது மூன்று தரப்பு இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நகர்வாவது இருக்க வேண்டும். நவம்பர் 2023-க்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கிய கதை ஒரு வருடம் நன்றாக ஓடியது. அதற்கடுத்த வருடம் சாகோஸ்.

நோட்டில் பக்கத்தை நாலு பத்தியாகப் பிரிக்க வேண்டும்: தேதி, நடந்தது, சொன்னது யார், இன்னும் தெரியாதது. நாலாவது பத்தியைப் பிள்ளைகள் காலியாக விடுவார்கள். விடாதீர்கள். அங்கே ஒரு வரியாவது எழுதிய பிறகுதான் நோட்டை மூட வேண்டும்.

2025 மே 22 வியாழக்கிழமைக்கான பக்கத்தை நான் எல்லாப் புது ஆசிரியருக்கும் காட்டுவேன். சாகோஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள். விடியும் முன் லண்டன் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கேட்டவர்கள் டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள். அதே நாளில் தடை நீங்கியது. பிற்பகல் கையெழுத்தானது: தீவுகளின் இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியாகோ கார்சியாவில் உள்ள பிரிட்டன்-அமெரிக்க ராணுவத் தளம் 99 வருடக் குத்தகைக்குப் பிரிட்டனிடம், வருடத்துக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. ஒரே தேதிக்குக் கீழே மூன்று வரி. முதல் வரிக்கு எதிரே, "தெரியாதது" பத்தியில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நம் நாட்டுக்குக் கிடைப்பதை அந்தத் தீவுக்காரங்களே ஏன் நிறுத்தப் பார்க்கிறாங்க?" அந்த ஒரு கேள்வியில் அன்றைய வகுப்பு முழுக்க நடந்தது. கையெழுத்தோடு கதை முடிந்துவிடவும் இல்லை, இரண்டு நாட்டிலும் அதற்கப்புறம் படிகள் இருந்தன. நோட்டை நிறுத்தாமல் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது தெரிந்தது.

7. வாரம் 5, 6: ஒரே கடல், இரண்டு தமிழ்ப் பத்திரிகை

செய்தியை ஒப்பிட்டுப் படிக்கச் சொல்வது எல்லோரும் செய்வதுதான். வழக்கமாக ஒரு மேற்கத்திய ஊடகத்தையும் அதற்கு எதிரான ஒன்றையும் எடுப்பார்கள். அதில் பிள்ளை உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் பாக்கு நீரிணை மீனவர் செய்தியை எடுக்கிறேன். இரண்டு பக்கமும் தமிழர். சாய இடமில்லை.

ராமேஸ்வரத்துப் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்தது என்று ஒரு செய்தி வந்தால், தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்தும் யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றிலிருந்தும் அதை அச்செடுங்கள். பெயரை மறைத்துவிட்டு, வினைச்சொல்லையும் அடைமொழியையும் மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஒன்றில் "எல்லை தாண்டி மீன்பிடித்ததாக" என்று இருக்கும். இன்னொன்றில் "அத்துமீறி மீன்பிடித்த" என்று இருக்கும். ஒன்றில் விசைப்படகு, மற்றதில் இழுவைமடிப் படகு. ஒன்றில் "சிறைபிடிப்பு", மற்றதில் "கைது". அந்த "ஆக" என்ற இரண்டெழுத்து என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளை அன்று நிமிர்ந்து உட்காரும். "அது, 'அவங்க அப்படிச் சொல்றாங்க, நாங்க சொல்லலை'ன்னு தள்ளி நிற்குது மிஸ்" என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் சொன்னான். எந்த இலக்கண நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

பின்னணியை அப்புறம் கொடுங்கள், முன்னால் வேண்டாம். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கை பக்கம் போனது. 1976-ல் மீன்பிடி எல்லை பற்றிய கடிதப் பரிமாற்றம். போர் நடந்த வருடங்களில் வடக்கு மீனவர் கடலுக்குப் போக முடியவில்லை, போர் முடிந்து திரும்பிப் போனால் தங்கள் வலையை அறுத்துக்கொண்டு இழுவைப் படகுகள் ஓடுகின்றன. இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போவது, 2017-ல் இலங்கை அதைச் சட்டப்படி தடை செய்தது. தமிழ்நாட்டுக் கரையிலோ, கடனுக்கு வாங்கிய படகு, அதில் கூலிக்குப் போகிறவர், பிடிபட்டால் படகும் போச்சு, குடும்பமும் தெருவில்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இந்த இடத்தில் குரல் கம்மக் கேட்கும்: "மிஸ், இதில நம்ம ஆள் யாரு?" அதற்குப் பிறகு வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நான் இத்தனை வருடம் இந்த வகுப்பை நடத்துவது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். நம் ஆள் எங்கே என்று தேடித்தான் எல்லோரும் செய்திக்குள் நுழைகிறோம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளை தனக்குள்ளேயே பார்த்துவிட்டால், உக்ரைன் ஆனாலும் சூடான் ஆனாலும் அதே கண்ணோடு பார்க்கும்.

8. வாரம் 7, 8: அடுத்தவர் ஒப்புக்கொள்ளும்படி அவர் பக்கத்தைச் சொல்வது

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சாகோஸைப் பிரித்தது சட்டப்படி சரியல்ல என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. அதே வருடம் மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு: ஆதரவு 116, எதிர்ப்பு 6, விலகியவை 56. நம் பிள்ளைகளுக்கு இது வெற்றிக் கதை. அதனாலேயே இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. தனக்குப் பிடித்த முடிவை எதிர்த்தவனைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

எதிர்த்த ஆறு: பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஹங்கேரி, இஸ்ரேல், மாலத்தீவு. கடைசிப் பெயரில் வகுப்பு நிற்கும். பெரியவன் சின்னவனை ஏய்க்கிறான் என்ற கதைக்குள் மாலத்தீவு அடங்காது. நம்மைப் போல ஒரு தீவு நாடு, இந்தியப் பெருங்கடலிலேயே இருப்பது, ஏன் எதிர்த்தது? சாகோஸ் யாருடையது என்பதைப் பொறுத்து அவர்களுடைய கடல் எல்லைக் கோரிக்கை மாறும். அந்த எல்லை வழக்கு 2023-ல்தான் கடல் சட்டத் தீர்ப்பாயத்தில் முடிந்தது. விலகி நின்ற நாடுகளில் பிரான்ஸையும் எடுங்கள். நாமும் அவர்களும் உரிமை கோரும் திரோமெலின் தீவு இருக்கிறது என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும்.

செய்முறை இப்படி. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு. அந்த நாடு ஏன் அப்படி வாக்களித்தது என்று ஐந்து வரி. ஐ.நா.வின் அன்றைய கூட்ட அறிக்கையில் நாடுகள் சொன்ன விளக்கம் இருக்கிறது, அதைச் சுருக்கி அச்செடுத்துக் கொடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை அந்த நாட்டின் தூதராக உட்காரும். ஐந்து வரியைக் கேட்டுவிட்டு, "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று தூதர் ஒப்புக்கொண்டால் தேர்ச்சி. இல்லையென்றால் திருத்தி எழுத வேண்டும்.

இங்கே நடக்கும் பிழை நடிப்பாக்கிவிடுவது. கோட்டுப் போட்டுக்கொண்டு மேசையைத் தட்டிக் கத்துவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், எதிராளி கோமாளியாகிவிடுவான். அதனால் உட்கார்ந்தபடியே, தாளைப் பார்த்துப் படிக்க மட்டும் அனுமதியுங்கள். இன்னொரு பிழை, பயிற்சி முடிந்ததும் "ஆனாலும் அவர்கள் செய்தது தப்புதானே" என்று ஆசிரியரே முடித்துவைப்பது. பிள்ளை இரண்டு வாரம் பாடுபட்டுத் திறந்த கதவை நாமே சாத்திவிடுகிறோம்.

எட்டாவது வாரக் கடைசியில் சர்க்கரைப் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பிரேசில் கரும்புக்காரரின் ஐந்து வரியை அந்தப் பையனே எழுதட்டும்.

9. வாரம் 9: படம் எங்கே பிறந்தது

இது சீக்கிரம் முடிகிற பாடம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தன. அன்று குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் சில நம் ஊரே இல்லை. படத்தில் கார் எந்தப் பக்கம் ஓடுகிறது, கடைப்பலகை என்ன மொழி, எண் தகடு எப்படி என்று மூன்றை மட்டும் பார்க்கப் பழக்குங்கள். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் படத்தை வைத்துத் தேடும் வசதியைக் காட்டுங்கள். அனுப்பிய மாமாவைக் குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டாம், தனியாகச் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். மரியாதை கெட்டால் மாமா கேட்க மாட்டார்.

10. வாரம் 10: நேரில் ஒருவர்

தாளில் படித்த கதைக்குச் சொந்தக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். போர்ட் லூயிஸைச் சுற்றி சாகோஸ் குடும்பங்கள் இருக்கின்றன. வேறு கதை என்றால் கப்பலில் வேலை செய்தவர், பங்களாதேஷிலிருந்து துணி ஆலைக்கு வந்தவர், யாராவது இருப்பார்கள். முன்னதாகவே போய்ப் பேசி, எதைக் கேட்கக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவு கொடுங்கள், சாப்பாடு வையுங்கள்.

கேள்விகளை ஒன்பதாம் வாரமே எழுதி வாங்குங்கள். முதலில் எழுதுவதெல்லாம் "உங்களுக்கு எப்படி இருந்தது?", "ஒப்பந்தம் சந்தோஷமா?" என்றே இருக்கும். ஐம்பது வருடத் துக்கத்தை ஒரு வார்த்தையில் சொல் என்று கேட்பது அது. பொருளைப் பற்றியும் நாளைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்கு டியாகோ கார்சியாவில் பிறந்த ஒரு பெரியம்மா வந்தார். பிள்ளைகள் தாந்தின் என்று கூப்பிட்டார்கள். பெரிய பிள்ளைகளின் சட்டக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொன்னார். கடைசியில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, "வீட்டில நாய் இருந்ததா தாந்தின், அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். 1971-ல் ராணுவத் தளத்துக்காக மக்களை அப்புறப்படுத்தித் தீவைக் காலி செய்தபோது நாய்களையெல்லாம் கொன்றார்கள் என்று அவள் படித்திருந்தாள். அந்த அம்மா பெயரைச் சொன்னார். பிறகு கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார், தேங்காய் உலர்த்திய இடம், கப்பல் ஏறிய கரை, என்னென்ன எடுத்துவர விட்டார்கள் என்று. யாரும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நானும் சைகை காட்டினேன்.

அவர் சொன்னதை "சாகோஸ் மக்களின் கருத்து" என்று நோட்டில் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒருவர் சொன்னது. லண்டனுக்குப் பக்கத்துக் கிராலியில் குடியேறிய சாகோஸ்காரர் வேறு சொல்வார். இரண்டாவது விதி விருந்தாளிக்கும் பொருந்தும்.

11. வாரம் 11: இப்போது கருத்து

இப்போது கேளுங்கள். ஒரு பக்கம் எழுதட்டும், மூன்று பகுதியாக: நான் நினைப்பது, என்னோடு ஒத்துப்போகாதவர் சொல்லக்கூடிய நல்ல காரணம், எது தெரியவந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றாவது பகுதி காலியாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் கருத்தை அவர்கள் கேட்பார்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள், அதே மூன்று பகுதியாக. முன்னால் சொன்னால் பாதி வகுப்பு அதையே எழுதிக் கொடுக்கும்.

சில பிள்ளைகள், குறிப்பாகப் பதினாறு வயதுப் பையன்கள், "எல்லாம் பெரிய நாடுகள் முடிவு பண்றது, நாம படிச்சு என்ன ஆகப்போகுது" என்று ஒதுங்குவார்கள். வாதாட வேண்டாம். பழைய சேதி ஒன்றைக் கையில் கொடுங்கள்: 2017-ல் சாகோஸ் விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்ற ஐ.நா. வாக்கெடுப்பில் ஆதரவு 94, இரண்டு வருடம் கழித்து 116. நடுவில் யார் யாரிடம் போய் என்ன பேசியிருப்பார்கள் என்று கண்டுபிடித்து வா என்று சொல்லுங்கள். ஒதுங்கிய பையனுக்கு வேலை கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வருகிறான்.

12. வாரம் 12: நோட்டைக் கைமாற்றுவது

விழா, சான்றிதழ், பேச்சுப்போட்டி எதுவும் வேண்டாம். பரிசு என்று வந்தால் பெற்றோர் எழுதிக்கொடுத்த உரையைப் பிள்ளை ஒப்பிக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து, "தெரியாதது" பத்தியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்தில் பதில் கிடைத்தவற்றைப் பச்சை மையில் அடித்துவிடலாம். கிடைக்காதவற்றை ஒரு பெரிய தாளில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த வருடக் காவடி முடிந்து புதுப் பிள்ளைகள் வரும்போது, அந்தத் தாளிலிருந்து அவர்கள் தங்கள் கதையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒட்டுவதற்கு முன் கோவில் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வெள்ளையடிக்கும்போது கிழித்துவிடாமல் இருப்பார்கள்.